எல்லாப் பெட்டியும் கட்டாயம்

மதுரை-9
14.10.2008

அன்புள்ள துளசி,

நானும் மீனாவும் சுகம். நீ, வித்யாஸ்ரீ, குழந்தை எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். பெங்களூரில் குளிர் தொடங்கியிருக்கும். உன் மூச்சிரைப்புக்கு மருந்து தீராமல் பார்த்துக்கொள்.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நீ சிரித்தே நழுவிவிடுகிறாய்.

பரவையில் அலுவலகம் வைத்திருக்கும் அந்த அறக்கட்டளை, தன் கல்லூரிகளுக்கு நிரந்தர விரிவுரையாளர் எடுக்கிறது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். அந்தப் பக்கத்தை உங்கள் கம்பெனிதான் செய்தது என்று ஆடி மாதம் இங்கு வந்தபோது நீயே பெருமையாகச் சொன்னாய். உன் தங்கை மீனா அதில் விண்ணப்பித்தாள். நேற்றுப் பதில் வந்தது. நிராகரிப்பு. காரணம்: எம்.ஏ. வரலாற்றில் பெற்ற மதிப்பெண் ஆறு சதவீதம்.

மீனா வாங்கியது எழுபத்தொன்று. ஆறு என்பது அவள் தற்காலிக விரிவுரையாளராக வேலை பார்த்த வருடங்கள். இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. அதாவது முப்பத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு எழுபத்தொரு வருட அனுபவம் என்று அவர்கள் காகிதத்தில் இருக்கிறது. அதைப் பார்த்த ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பார்வை இல்லாதவள் தவறாக நிரப்பிவிட்டாள் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நான் நம்பவில்லை. இதுவரை எத்தனையோ படிவங்களை அவள் முத்துப்பாண்டியின் நெட் சென்டரில் தனியாகவே நிரப்பியிருக்கிறாள். மூலைக் கணினியில் அவளுக்காகத் திரையை வாசிக்கும் மென்பொருள் போட்டுவைத்திருக்கிறார். உங்கள் பக்கத்தில் என்ன கோளாறு என்று கேட்டால், "எல்லாப் பெட்டிக்கும் மேண்டேட்டரி, மேண்டேட்டரின்னே சொல்லுச்சு" என்கிறாள். அதற்குமேல் பேசமாட்டேன் என்கிறாள்.

நான் அந்த வாரம் திருநெல்வேலியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

முப்பத்தைந்துதான் அவர்களுடைய வயது வரம்பு. அடுத்த முறை அவளுக்குக் கிடையாது. என்ன நடந்தது என்று பார்த்து எழுது.

உன் அக்கா,
அலர்மேல்மங்கை


பெங்களூர்
2.11.2008

அன்புள்ள அக்காவுக்கு,

துளசியின் வணக்கம். தீபாவளிக்கு வர முடியாததற்கு மன்னித்துக்கொள். குழந்தைக்குச் சளி, வித்யாவுக்கு முதுகுவலி, எனக்கு ஆபீஸ். அனுப்பிய சேலைகள் வந்தனவா? மீனாவுடையது மெல்லிய பருத்தி, தொட்டுப் பார்த்தால் பிடிக்கும்.

நீ கேட்டதைப் பார்த்துவிட்டேன். பெரிய கோளாறில்லை. உனக்குப் புரியும்படி சொல்கிறேன்.

நாங்கள் ஒரு பக்கத்தை மொத்தமாக எழுதுவதில்லை. கம்போனன்ட் என்று துண்டு துண்டாகச் செய்கிறோம். தோற்றத்தை எச்.டி.எம்.எல்.லில் ஒருவர் எழுதுவார். இதற்கு எழுதியது தமிழ்ச்செல்வி என்ற பெண், எழுமலைக்காரி. ஒவ்வொரு பெட்டிக்கும் சில அட்ரிப்யூட்கள் உண்டு: அகலம், நிறம், டைட்டில். டைட்டில் என்பது பெட்டி இன்னதென்று சொல்லும் சின்னக் குறிப்பு. கண்ணுக்குத் தெரியாது, மவுஸை மேலே வைத்தால் தெரியும், மீனாவின் மென்பொருள் அதை வாசிக்கும். தமிழ்ச்செல்வி எல்லாப் பெட்டிக்கும் ஒழுங்காக எழுதியிருந்தாள்.

பக்கம் வெளியே போகும் நேரத்தில் அந்த அட்ரிப்யூட்களை எங்கள் நிரலிலிருந்து மாற்றலாம்; அப்படி மாற்றும் வரியை மாடிஃபையர் என்போம். அதற்கு இரண்டு வழி. ஒன்று, இருப்பதன் பின்னால் சேர்ப்பது. இன்னொன்று, இருப்பதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டிகளில் 'மேண்டேட்டரி' என்று காட்ட வேண்டும் என்று அறக்கட்டளை கேட்டது. சேர்க்க வேண்டிய இடத்தில் மாற்றும் வழி போடப்பட்டுவிட்டது. அதனால் தமிழ்ச்செல்வி எழுதிய குறிப்பெல்லாம் போய், எல்லாப் பெட்டியும் மேண்டேட்டரி ஆகிவிட்டது.

ஒரே வரிதான், அக்கா. உன் கடிதம் வந்த அன்றே திருத்திவிட்டேன். இப்போது பக்கம் மிகச் சரியாக வாசிக்கிறது. மீனாவைச் சோதித்துப் பார்க்கச் சொல்.

மாத்திரையை மறக்காதே, உனக்கு ரத்த அழுத்தம்.

அன்புடன்,
துளசிராம்


மதுரை-9
10.11.2008

துளசிக்கு,

இங்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சேலைகள் வந்தன. பிரிக்கவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மீனாவும் நானும் சனிக்கிழமை பரவைக்குப் போனோம். அங்கே கண்காணிப்பாளராக இருக்கும் கண்ணுச்சாமி மரியாதையான ஆள். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் விவரத்தைச் சொன்னதும் கணினியைத் திறந்து, ஒவ்வொரு பெட்டியின்மேலும் அம்பை வைத்துக் காட்டினார். பெயர், பிறந்த தேதி, அனுபவம், மதிப்பெண். எல்லாக் குறிப்பும் அதனதன் இடத்தில்.

"பேஜ் நல்லாத்தான மேடம் இருக்கு. நீங்களே பாருங்க. இம்புட்டுப் பேரு போட்டிருக்காக, ஒருத்தரும் கொறை சொல்லலையே."

"அப்ப இப்படி இல்லை. பிறகு திருத்தியிருக்கிறார்கள்."

"யாரு சொன்னது?"

உன் பெயரைச் சொன்னேன். கடிதத்தைக் காட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் புரட்டினார். "இது வீட்டுக் கடுதாசி மேடம். தம்பி அக்காவுக்கு எழுதுனது. கம்பெனி லெட்டர்பேடுல, சீல் வச்சு வாங்கிட்டு வாங்க. அம்புட்டுத்தான், நான் மேல வச்சிருவேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உன்னைத்தான் சொல்கிறேன். கேள்வி கேட்ட அன்றே யாரிடமும் சொல்லாமல் நீ அந்த வரியைத் திருத்திவிட்டாய். அதோடு அந்தப் பக்கம் என்றைக்கும் சரியாகவே இருந்ததாக ஆகிவிட்டது. மீனாதான் தவறாக நிரப்பியவள். உதவியாக நினைத்துச் செய்தாயா, வேறு எதையாவது நினைத்தா என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதிய வாக்கியத்தையும் பார்த்தேன். "மாற்றும் வழி போடப்பட்டுவிட்டது." யார் போட்டது என்று அதில் இல்லை.

இன்ன தேதியில் பக்கம் இப்படி இருந்தது என்று கம்பெனித் தாளில் ஒரு கடிதம் வேண்டும். உடனே வேண்டும்.

அலர்மேல்மங்கை


பெங்களூர்
29.11.2008

அன்புள்ள அக்கா,

இங்கு எல்லோரும் ஓரளவு நலம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே.

நீ நினைப்பதுபோல் இல்லை, அக்கா. செய்தித்தாளில் படித்திருப்பாய், அமெரிக்காவில் வங்கிகள் விழுகின்றன. இங்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது அட்டைப்பெட்டியில் சாமானை எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த விஜய்ஆனந்த், ஒன்பது வருடம் வேலை பார்த்தவன், போய்விட்டான். இந்த நேரத்தில் வாடிக்கையாளருக்கு "எங்கள் தவறு" என்று கம்பெனி எழுதித் தருமா? கம்பெனியின் சட்டப் பிரிவில், லீகலில், கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறார்கள். தமிழ்ச்செல்வியும் இப்போது இல்லை, அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக் கடன் வேறு. வித்யாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

மீனாவுக்கு வேறு கல்லூரி கிடைக்கும். அவள் திறமைக்கு என்ன குறை?

உன் தம்பி,
துளசிராம்


மதுரை-9
4.12.2008

துளசிக்கு,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் இல்லை. இருந்தாலும் குழந்தையின் இருமல் நின்றதா என்று எழுது.

அவள் திறமைக்குக் குறையில்லை என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம். சென்ற வாரம் அவள் மாணவிகளோடு கீழக்குயில்குடிக்குப் போய்வந்தாள். அவள் கூட்டிப்போன இடத்தில் அந்தப் பெண்கள் சமணர் கற்படுக்கைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளவில்லை; உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி என் மாணவியின் தங்கை, அவள் சொன்னாள். இந்தப் பெண்ணுக்குத்தான் ஆறு சதவீதம்.

இன்னும் ஒரு செய்தி. அறக்கட்டளையின் விதிகளை வாங்கிப் படித்தேன். கடைசி நாளான செப்டம்பர் முப்பதுக்குள் பக்கத்தின் கோளாறைப் பொறுப்பானவர் யாரிடமாவது தெரிவித்திருந்தால் மட்டுமே மேல்முறையீட்டை ஏற்பார்கள். ஜனவரி ஒன்பதாம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்கள்.

"யாரிடமாவது சொன்னாயா" என்று மீனாவிடம் கேட்டேன். கொடியில் துணி காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று எழுந்துபோனாள். அரை மணி நேரமாக அங்கேயே நிற்கிறாள், மழைத் தூறலில். புரியாத பெட்டியில் வாய்க்கு வந்ததைப் போடுகிறவள் இல்லை அவள். கேட்டிருப்பாள். யாரிடம் கேட்டாள் என்பதைத்தான் என்னிடம் சொல்ல மறுக்கிறாள். முத்துப்பாண்டியிடம் விசாரித்தேன். "எங்கிட்ட கேக்கலக்கா. அன்னிக்கு ரிசல்ட்டு பாக்க ஒரே கூட்டம். போன்ல யார்கிட்டயோ பேசிச்சு. சிரிச்சுப் பேசிச்சு" என்றார்.

லீகல் என்ன சொல்கிறது?

அலர்மேல்மங்கை


மதுரை
8.12.2008

அண்ணா,

மீனா எழுதுகிறேன். என் கல்லூரி அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரத்தில் அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் நலம். உன் இருமல், குழந்தையின் இருமல் இரண்டும் நின்றிருக்கட்டும்.

இதற்குப் பதில் எழுதாதே. நீ ஈமெயில் அனுப்பினால் நானே கேட்டுக்கொள்வேன். ஆனால் எழுதாதே. எனக்குப் பதில் வேண்டாம், செய்ய வேண்டியதைச் செய்தால் போதும். வீட்டுக்குக் கடிதம் வந்தால் அக்காதான் வாசித்துக்காட்டுவாள், அது உனக்கும் தெரியும்.

செப்டம்பர் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை. முத்துப்பாண்டியண்ணன் கடையிலிருந்து உனக்குக் கூப்பிட்டேன். நீ ஒரு டீக்கடையில் இருந்தாய். யாரோ "மாப்ள, ஒனக்கு பன்னு வேணுமா" என்று கேட்டது எனக்குக் கேட்டது. உன் பக்கம் எல்லாப் பெட்டியையும் மேண்டேட்டரி என்கிறது, எது எதென்று தெரியவில்லை என்றேன். "ஐயையோ, நான் போட்ட மாடிஃபையர் அது, நாளைக்குப் பாக்குறேன்" என்றாய். வரிசையை மட்டும் சொல் என்றேன். நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். மார்க்கு முதல்ல, சர்வீஸ் அடுத்தது. "நான் எழுதுன கோடு, எனக்குத் தெரியாதா. கண்ண மூடிட்டுப் போடு" என்றாய். வேறெப்படிப் போடுவேன் என்றேன். இருவரும் சிரித்தோம்.

உன் நிரலில் வரிசை அப்படித்தான் இருந்திருக்கும். பக்கத்தில் பெட்டிகள் எந்த வரிசையில் நிற்கும் என்பது எச்.டி.எம்.எல். எழுதிய பெண்ணின் கையில் என்று பிறகு ஒருவர் எனக்குச் சொன்னார். அவள் அனுபவத்தை முன்னால் வைத்திருக்கிறாள். நீ பக்கத்தைத் திறந்து பார்க்காமல் சொன்னாய்.

அதற்காக எனக்கு உன்மேல் கோபம் இல்லை. நானும் கடையில் யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம். நானே நிரப்ப வேண்டும் என்று இருந்தேன். அண்ணன் செய்த பக்கம் என்று இருந்தேன். நாளைக்குப் பார்க்கிறேன் என்றவன் அதை விட்டுவிட்டாய். அக்கா எழுதிய பிறகுதான் பார்த்தாய். அதில்தான் எனக்குக் கோபம்.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவள் ஒருவரை விட்டால் விட்டதுதான். சித்தப்பா தெருமுனையில் இருக்கிறார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நாம் போகவில்லை. உனக்கும் அது நேர வேண்டாம் என்று பார்க்கிறேன். அறக்கட்டளைக்கு நீயே எழுது. மீனலோசனி என்னிடம் கடைசி நாளுக்கு முன்னால் சொன்னாள் என்று எழுது. கம்பெனித் தாள் வேண்டாம், உன் பெயர் போதும்.

மீனா


பெங்களூர்
27.12.2008

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். இங்கே குளிர் கடுமை. ஹீட்டர் ஒன்று வாங்கினோம். குழந்தை கிறிஸ்துமஸுக்குப் பள்ளியில் ஆடுமேய்ப்பவனாக நடித்தான். வசனம் ஒன்றுமில்லை, நின்றால் போதும். அதையே அழுதுகொண்டு செய்தான். படம் அனுப்புகிறேன்.

வித்யா உன் புளிக்காய்ச்சல் பக்குவத்தைக் கேட்டாள்.

லீகல் விஷயம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மீனா எப்படி இருக்கிறாள்? ஏதாவது சொன்னாளா?

துளசிராம்


மதுரை-9
2.1.2009

துளசிக்கு,

படம் வந்தது. குழந்தை நம் அப்பாவைப் போல் இருக்கிறான், குறிப்பாக அழும்போது.

உன் கடிதத்தை வழக்கம்போல் மீனாவுக்கு வாசித்துக்காட்டினேன். "ஏதாவது சொன்னாளா" என்ற இடம் வந்ததும் அவள் சிரித்தாள். "அத இன்னொருதரம் படிக்கா" என்றாள். படித்தேன். பிறகு தட்டைக் கழுவ எழுந்துபோய்விட்டாள். இரவு சாப்பிடவில்லை.

உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. இருபது வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஒரே ஒரு விடைதான் மிஞ்சுகிறது என்று எனக்குத் தெரிகிறது. அதை நான் எழுதமாட்டேன். நீ எழுது என்று காத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை. ஒரு தாள், துளசி. அதற்குமுன் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அலர்மேல்மங்கை


மதுரை-9
10.1.2009

துளசிராமுக்கு,

உன் தாள் நேற்றுப் போய்ச் சேர்ந்திருந்தது. கண்ணுச்சாமி அதை எடுத்து வாசித்தபோது எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. கம்பெனித் தாள், சீல் எல்லாம் இருந்தன. 'விண்ணப்பப் பக்கம் முறையாகச் சோதிக்கப்பட்டது. கடைசி நாளுக்கு முன்னால் எவரிடமிருந்தும் புகார் வரவில்லை. துளசிராம், திட்டப் பொறுப்பாளர்.'

மீனா பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தாள். "சார், அந்தப் பேர மட்டும் இன்னொருக்க வாசிங்க" என்றாள்.

"துளசிராம்."

"அவருக்கு நான் போன் பண்ணிச் சொன்னேன் சார். இருபத்தெட்டாந் தேதி, ஞாயித்துக்கெழம."

அறக்கட்டளைத் தலைவர் வயதானவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவரு நம்பரு ஒனக்கு எப்பிடிம்மா கெடச்சது?"

"எங்க அண்ணன்."

தலைவர் சொன்னார், ஏளனமாக இல்லை, வருத்தமாகவே: "கூடப்பொறந்தவனே வரலைன்னு எழுதிக் குடுத்திருக்கான் தாயி. வேத்தாளு எழுதியிருந்தா யோசிக்கலாம். தங்கச்சிக்கு ஒரு வேலைன்னா இல்லாததக்கூட இருக்குன்னு சொல்லுவான் ஒரு அண்ணன். இவன் இல்லைங்கிறான்னா நாங்க யாரை நம்ப? போன் பேசுனதுக்கு பில்லு காட்டுனாலும், அண்ணன் தங்கச்சி ஆயிரம் பேசும்."

நீ வேற்றாளாக இருந்திருந்தால் அவளுக்கு இன்னும் ஒரு வழி இருந்திருக்கும். நீ அண்ணனாக இருந்ததால் உன் பொய்க்கு இரட்டை மதிப்பு.

வெளியே வந்து ஆட்டோவில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டீக்கடை, பன், வரிசை, சிரிப்பு. உனக்குத் தட்டச்சு செய்து அனுப்பிய கடிதத்தையும் சொன்னாள். அதை வாங்கி வைத்துக்கொண்டுதான் எனக்கு ஹீட்டரைப் பற்றி எழுதினாய். என்னிடம் மறைத்ததற்காக அதன்பிறகு நேற்று நான் அவளோடும் பேசவில்லை. இன்று காலை பேசினேன். அவள் உன்னைக் காப்பாற்ற மறைத்தாள். நீ உன்னைக் காப்பாற்ற அவளைக் கொடுத்துவிட்டாய். இரண்டும் ஒன்றல்ல.

வேலை போய்விடும் என்று பயந்தாய். புரிகிறது. பயந்தவன் எழுதாமல் இருந்திருக்கலாம். கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

தமிழல்லாத நம் வீட்டுப் பேச்சில் உன்னைத் திட்டினால்தான் என் வாய்க்குத் திருப்தி. அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் பாதி காரம் போய்விடுகிறது. அதனால் விடுகிறேன்.

கையெழுத்துப் போட்டவரே மாற்றி எழுதிக்கொடுத்தால் மாதக் கடைசிக்குள் மறுபடி பார்க்கலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அதை உனக்குச் சொல்லும்படி மீனா கேட்டுக்கொண்டாள். சொல்லிவிட்டேன்.

அலர்மேல்மங்கை


பெங்களூர்
24.1.2009

அக்காவுக்கு,

இன்று பதிவுத் தபாலில் அறக்கட்டளைக்கு எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. அந்த வரியை எழுதியது நான். மீனா என்னிடம் சொன்னாள். வரிசையைத் தவறாகச் சொன்னதும் நான். ஐந்தாம் தேதி போட்ட கையெழுத்து பொய். அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

ஐந்தாம் தேதி அந்தப் பொய்த் தாளை மேலாளர் என் கையெழுத்துக்காக மேசைமேல் வைத்தபோது பக்கத்தில் இன்னொரு தாளும் இருந்தது, அந்த வாரம் அனுப்பப்போகிறவர்களின் பெயர்களோடு. தலைகீழாகத் தெரிந்ததால் என்னால் படிக்க முடியவில்லை. என் பெயர் இருந்ததோ என்னவோ. இனி அதைக் கேட்டுப் பயனில்லை. நேற்று அவரிடம் போய் நான் எழுதப்போவதைச் சொன்னேன். இன்று காலை என் அட்டை ஆபீஸ் கதவைத் திறக்கவில்லை.

வித்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நகலை மீனாவுக்கு வாசித்துக்காட்டு. பிப்ரவரி பதினைந்தாம் தேதி நான் மதுரைக்கு வருகிறேன். வரலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

துளசி


மதுரை-9
6.2.2009

துளசி,

உன் கடிதம் அறக்கட்டளைக்கு மாதக் கடைசிக்கு முன்னால் கிடைத்துவிட்டது. மீனாவின் விண்ணப்பத்தைத் திருத்தி ஏற்றுக்கொண்டார்கள். இருபதாம் தேதி நேர்முகத் தேர்வு. வேலை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. எட்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்கும் அது தெரியும். ராப்பகலாகப் படிக்கிறாள்.

உனக்கு நன்றி எழுதச் சொன்னாள். அதை நான் எழுதவில்லை. எடுத்ததைத் திருப்பி வைத்ததற்கு நன்றி சொல்லும் வழக்கம் எனக்கில்லை. உன் வேலை போனதில் எனக்கு மகிழ்ச்சியும் இல்லை. வித்யாஸ்ரீக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் கல்லூரி இல்லை. ஆனாலும் நான் வீட்டில் இருக்கமாட்டேன். சாப்பாடு செய்து வைத்துவிட்டுப் போவேன். மாலை நீ பஸ் ஏறிய பிறகு வருவேன். உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் காலம் வேண்டும். எவ்வளவு என்று தெரியவில்லை.

கதவு திறந்திருக்கும். மீனா இருப்பாள்.

நீ அனுப்பிய நகலை அவளுக்கு நான் வாசித்துக்காட்டவில்லை. உறையோடு கூடத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அதில் இருப்பதை வேறொருவர் குரலில் அவள் கேட்க வேண்டாம். நீயே எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை, அவளுக்கு வாசி.

அலர்மேல்மங்கை